தொடாத கேசரி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணியளவில், ஒரு பெண் என் முன்னால் வைத்த கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

எனக்கு இன்னும் நெஞ்சுப் படபடப்பு அடங்கவில்லை.

கேசரிக்காக இல்லை. கேசரிக்காக என்றால் இந்தப் பத்தியில் நாலு வரி புலம்பிவிட்டு, ஒரு பிளேன்ரீயோடு ஆறியிருப்பேன். பிறகு அவள் கேட்ட ஒரு கேள்விக்காக. அந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன், அதோடுதான் பஸ் ஏறுகிறேன், அதோடுதான் சோறு பிசைகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்னர் இதே இடத்தில் நான் எவ்வளவு வீரமாக எழுதினேன் என்பது வழமையாக வாசிக்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கிளினிக்கில் தராசில் ஏறினேன். முள் விறுவிறுவென்று ஓடி எண்பத்தாறில் போய் நின்றது. டொக்டர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

"சீனி எல்லையில நிக்குது. இண்டையில இருந்து இனிப்பைத் தொடாதேங்கோ. தொட்டீங்கள் எண்டால் சீனி வருத்தம்தான். பிறகு என்னட்ட வந்து அழக்கூடாது."

எண்பத்தாறு! சண்டை முடிந்து முகாமில் இருந்த காலத்தில் நான் நாற்பத்தொன்பது கிலோ. அப்போது எடுத்த அடையாள அட்டைப் படத்தைப் பார்த்துவிட்டு, வங்கியில் இருக்கும் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது நீங்கள்தானோ?" என்று கேட்கிறாள். ஊருக்குத் திரும்பி வந்த எங்கள் ஆட்களின் வீடுகள் ஒவ்வொன்றும் அத்திவாரம், சுவர், கூரை என்று மெல்ல மெல்லத்தான் எழும்பின. நான் மட்டும் முதல் வருடத்திலேயே கட்டி முடிக்கப்பட்டுவிட்டேன்.

ஆகவே, சீனியை விட்டேன். அதைப் பெருமையாக எழுதியும் விட்டேன். எழுதினால் பிறகு பின்வாங்க முடியாது அல்லவா... அந்தத் தந்திரம்தான்.

கடிதங்கள் வந்தன. ஒருவர் கறுவாத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். ஒருவர் வெந்தயம் மெல்லச் சொன்னார். இனிப்பு ஆசை வரும்போதெல்லாம் பல்லைத் தீட்டுங்கள், வாய்க்கு வேறு எதுவும் பிடிக்காது என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஒரே நாளில் ஐந்து தடவை தீட்டினேன். ஆறாம் முறை பிரஷ்ஷோடு கிணற்றடிக்குப் போக, இவர் — என் வீட்டுக்காரர் — பேப்பரைத் தாழ்த்திவிட்டு, "இப்பிடித் தேய்ச்சால் பல்லு மிஞ்சாதப்பா" என்றார்.

சீனி ஆசை என்பது பகல் முழுக்க வருவதில்லை. அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. எனக்குப் பின்னேரம் நாலு மணி. வேலை முடிந்து கந்தோரிலிருந்து மன்னாருக்கு பஸ் ஏறும் நேரம். நானாட்டான் பேக்கரியில் அப்போதுதான் சூடாகச் சீனிப் பணிஸ் வந்திருக்கும். அந்த வாசனை பஸ்ஸுக்குள் வந்து, என் சீட்டைத் தேடி, என் பக்கத்தில் அமர்ந்து, பாலம் கடந்து தீவுக்குள் போகுமட்டும் இறங்காது. சிலாவத்துறையில் மீளக் குடியேறிய தோழி ஒருத்தி வட்டிலப்பம் கொடுத்துவிட்டாள். மூடியைத் திறந்தேன், மணந்தேன், மூடினேன், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். பிறகு அலுமாரிக்குள் சீலைகளுக்குப் பின்னால் ஏதாவது ரொபி மிச்சம் கிடக்கிறதா என்று கால் மணி நேரம் தேடினேன். இவ்வளவுதான் என் மனவலிமை.

இப்படிப் பத்து நாள் ஓடிவிட்டது. ஒரு துண்டு இனிப்பு வாயில் படவில்லை.

பதினோராம் நாள்தான் அந்தச் செவ்வாய்.

என் வேலை என்னவென்று புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களிடம் போய், கட்டியதைப் பார்த்து, படம் எடுத்து, படிவம் நிரப்புவது. என்னோடு வருகிறவள் ரெஜினா. ஓலைத்தொடுவாய்க்காரி, கடற்கரையில் வளர்ந்தவள், எதைச் சாப்பிட்டாலும் ஐம்பது கிலோவைத் தாண்டாத பாக்கியசாலி. அவளுடைய ஸ்கூட்டரில்தான் இருவரும் ஊர் ஊராகப் போகிறோம்.

அன்று போன ஊரின் பெயரை எழுதமாட்டேன். பெருநிலத்தில் ஒரு குளத்தடி ஊர். ஊருக்கு இரண்டு பக்கம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பரம்பரையாக வயல் செய்கிறவர்கள். அந்தப் பக்கம், பல வருடங்களுக்கு முன்னர் மலையகத்தில் நடந்த கலவரங்களுக்குத் தப்பி இறங்கி வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். இந்தப் பக்கத்து வயல்களில் நாட்கூலிக்கு வேலை செய்கிறவர்கள் அவர்கள்தான். சண்டைக்குள் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் ஓடின. ஒரே முகாமில்தான் கிடந்தன. ஒன்றாகத்தான் திரும்பி வந்தன.

முதலில் இந்தப் பக்கத்தில் பாக்கியம் அக்கா வீடு. படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கவேண்டியிருந்தது. ஐந்து நிமிட வேலை.

"வாங்கோ, வாங்கோ! வெயிலுக்குள்ள நிக்காம இருங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டார். போட்ட கையோடு ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தார்.

பயற்றம் பணியாரம். அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது.

பிள்ளையின் பிறந்தநாளாம். நான் முதலில் கையை ஆட்டினேன். "எனக்கு வேண்டாம் அக்கா, நான் இனிப்பு விட்டிட்டன்" என்றும் சொன்னேன். "ஒண்டு தின்னுறதால ஒண்டும் ஆகாது" என்றார் அவர். அவர் சொல்லி முடிக்குமுன் என் கை போய்விட்டது. பத்து நாள்... பத்து நாள் கறுவாத் தண்ணீர், வெந்தயம், பற்பசை! முதலாவது எப்போது தொண்டைக்குள் இறங்கியது என்றே எனக்குத் தெரியாது. இரண்டாவதைத்தான் ருசித்தேன். மூன்றாவது, நாலாவது... அதற்கு மேல், சீனி போட்ட தேத்தண்ணி.

வேலிப் படலைக்கு வெளியே ஒரு பெண் குடையோடு நின்றாள். அதை நான் கண்டேன். யார், என்ன என்று கேட்கவில்லை. ரெஜினா கண்டாளா தெரியவில்லை. அவள் தொலைபேசியில் கந்தோரோடு கதைத்துக்கொண்டு நின்றாள். பாக்கியம் அக்கா நிச்சயமாகக் கண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் வெளியே வந்ததும் அந்தப் பெண் கிட்ட வந்தாள்.

"மிஸ், நான்தாங்க முத்துலெட்சுமி. வாய்க்கா வழி ஒரே சேறாக் கெடக்கு. ஸ்கூட்டர் போவாது. சுத்து வழி காட்டலாம்னு வந்தேன்."

அடுத்து நாங்கள் போகவேண்டிய வீட்டுக்காரி அவள்தான். என் வயதுதான் இருக்கும். கழுவித் தேய்த்த சீலை, நெற்றியில் புதிதாகப் பூசிய திருநீறு. அவள் முன்னால் நடக்க, நாங்கள் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு பின்னால் போனோம். நடக்க நடக்க எனக்குள் குற்றவுணர்ச்சி ஏறிக்கொண்டே வந்தது. நாலு பணியாரம்! எண்பத்தாறு கிலோ! வாசகர்களின் முகத்தில் எப்படி முழிப்பேன்? இனிச் சத்தியமாக ஒரு துண்டும் தொடக்கூடாது என்று வழி நெடுக எனக்கு நானே சபதம் போட்டேன்.

எப்பேர்ப்பட்ட நேரத்தில் போட்ட சபதம் பாருங்கள்.

முத்துலெட்சுமியின் வீடு முடிந்திருந்தது. இரண்டு அறை, ஒரு ஹோல், ஓட்டுக்கூரை. சுவருக்குப் பூச்சு இன்னும் இல்லை. ஆனால் வாசலில் கோலம் போட்டிருந்தாள். புருசன் இல்லை — கடைசிச் சண்டையில் செத்துப்போனான் என்று கோப்பில் ஒரு வரி இருக்கிறது. மகள் ஒருத்தி, பள்ளிக்கூடம் போயிருந்தாள். கல் அரிந்தது, மண் சுமந்தது, மேசனுக்குக் கூட நின்றது எல்லாம் அவள்தான் என்று அந்தக் கைகளைப் பார்த்தாலே தெரியும்.

ரெஜினா பின்புறம் மலசலகூடத்தைப் படமெடுக்கப் போனாள். ஹோலில் ஒரே ஒரு பிளாஸ்ரிக் கதிரை. அதில் என்னை இருத்தினாள். உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தாள்.

கேசரி. மேலே கஜுவும் பிளம்சும் நெய்யில் பொரித்துப் போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கரண்டி — அதில் கடை ஒட்டிய தாள் இன்னும் முழுதாகப் போகவில்லை. புதுக் கரண்டி.

"சாப்பிடுங்க மிஸ். இந்த வீட்டுல மொத மொதல்ல செஞ்ச இனிப்பு. நீங்க வந்து ஆரம்பிக்கணும்னு எம் மகளக்கூடத் தொட விடல."

இப்போது யோசித்தால், அந்த ஒரு சொல்லே எனக்குப் போதுமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் காதில் டொக்டரின் குரல்தான் கேட்டது. வயிற்றுக்குள் நாலு பணியாரம் கிடந்து உறுத்தியது.

"ஐயோ முத்துலெட்சுமி, எனக்கு இனிப்பு ஏலாது. டொக்டர் முற்றா நிப்பாட்டிப் போட்டார். சீனி வருத்தம் வரப்போகுதாம்."

அவள் சிரித்தாள். "அப்ப சீனி போடாம தேத்தண்ணி ஊத்தட்டுங்களா?"

"இல்லை, இல்லை... இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்."

"தண்ணியாச்சும்...?"

"என்னட்ட இருக்கு" என்று சொல்லி, கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து அவளுக்குக் காட்டினேன்.

காட்டினேன்! எழுதும்போதே கை கூசுகிறது.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "சரிங்க மிஸ்" என்றாள். தட்டை எடுத்தாள். உள்ளே போனாள்.

நான் படிவத்தை நிரப்பத் தொடங்கினேன். கூரை: முடிந்தது. யன்னல்: முடிந்தது. பின்பக்கத்திலிருந்து ரெஜினாவின் குரல் கேட்டது. "என்னப்பா இது, கேசரி மணக்குது! எனக்கில்லையோ?" குசினிக்குள் கரண்டிச் சத்தம். இருவரும் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தம். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'ஐம்பது கிலோக்காரிக்கு என்ன கவலை' என்று பொறாமைப்பட்டேன். அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக.

எல்லாம் முடிந்து வெளியே வந்து செருப்பைப் போட்டேன். முத்துலெட்சுமி நிலையில் சாய்ந்து நின்றாள்.

"மிஸ், ஒண்ணு கேக்கலாங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கோ."

"இங்க வர்ற பெரிய ஆளுங்க எல்லாருக்கும், எங்க வாசப்படி ஏறினதும் எப்படிங்க மிஸ் சீனி வருத்தம் வந்துருது?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"பாக்கியம் அம்மா வீட்டுல நாலு பணியாரம் சாப்பிட்டீங்க. படலைக்கு வெளியில நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். எண்ணணும்னு எண்ணல மிஸ்... கண்ணுல பட்டுச்சு."

அவள் குரலை உயர்த்தவில்லை. அழவுமில்லை. நெல்லு என்ன விலை என்று கேட்பது போலக் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

உச்சந்தலையில் யாரோ தட்டியது போல இருந்தது. நான்... அவள் வீட்டில்... அவள் *யார்* என்பதற்காக... ஐயோ, இல்லையே! டொக்டர் சொன்னதால்தானே! எண்பத்தாறு கிலோ என்பதால்தானே! சொல்ல வாயெடுத்தால், வருகிற ஒவ்வொரு வசனமும் பொய் போலவே கேட்கிறது. 'உண்மையாகவே சீனி எல்லையில் நிற்குது' — நாலு பணியாரம் தின்ற வாயால் சொன்னால் யார் நம்புவார்?

"தாங்கோ, முத்துலெட்சுமி. நான் சாப்பிடுறன். இப்பவே தாங்கோ" என்றேன். போட்ட செருப்பைத் திரும்பக் கழற்றினேன்.

"வேணாம் மிஸ். கட்டாயத்துக்குச் சாப்பிட்டா உடம்புல ஒட்டாது. நீங்க போயிட்டு வாங்க."

போனேன். வேறு என்ன செய்ய?

ஸ்கூட்டர் பெரிய றோட்டுக்கு ஏறியது. பிறகு ரெஜினாவின் முதுகைப் பார்த்துப் பொரிந்து தள்ளினேன். என்ன அநியாயம் இது, நான் என்ன அப்படிப்பட்டவளா, ஒரு மனுசி உடம்பைப் பார்க்கவும் கூடாதா...

ரெஜினா ஸ்கூட்டரை ஒரு மருத மர நிழலில் நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, அவ பிழையா ஒண்டும் கேக்கேல்ல. அந்தப் பக்கத்துக்குப் போற எங்கட ஆக்கள் சொல்லுறதைக் கேட்டிருக்கிறீங்களோ? ஒராளுக்கு விரதம். ஒராளுக்கு வயித்தில கஸ்ரிக். ஒராளுக்குச் சீனி. ஒரு வீட்டிலயும் வாய் நனைக்க மாட்டினம்."

"ஆனா எனக்கு உண்மையாவே—"

"உங்களுக்கு உண்மை. எனக்குத் தெரியும். ஆனால் அக்கா..." கொஞ்சம் தயங்கினாள். "கோவிக்காதேங்கோ. மூண்டு வருசமா உங்களோட இந்தப் பக்கம் வாறன். நீங்கள் ஒரு நாளாவது அவையின்ர வீட்டில ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சு நான் காணேல்ல. நீங்களும் அப்பிடித்தான் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். எப்பிடிக் கேக்கிறது எண்டு விட்டிட்டன்."

வாசகர்களே, முத்துலெட்சுமி கேட்டபோது எனக்கு வந்தது அதிர்ச்சி. இது அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று.

மூன்று வருடம்! டொக்டர் இனிப்பை நிறுத்தச் சொன்னது இரண்டு கிழமைக்கு முன்னர்.

நான் மனதுக்குள் ஒவ்வொரு வீடாகத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருபதுக்கு மேல் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். தகரக் கொட்டில் காலத்திலிருந்தே போகிறேன். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா மிஸ்?" — ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். "நேரமில்லை." "இன்னொரு நாளைக்குப் பாப்பம்." "இப்பதான் குடிச்சனான்." இதுதான் என் பதில். ஒன்று விடாமல் எல்லா வீட்டிலும். இந்தப் பக்கத்து வீடுகளில் மட்டும் எனக்கு எங்கிருந்து நேரம் வந்தது? இந்த எண்பத்தாறு கிலோவும் எங்கே சேர்ந்தது?

குடிக்கக்கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் அப்படி நினைத்ததாகவும் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுப் பின்வேலியில் ஒரு பேணி தொங்கும். வயல் வேலைக்கு வருகிறவர்களுக்கு அம்மா அதில்தான் தேத்தண்ணி வார்ப்பார். அவர்களே கழுவி, அவர்களே திரும்பக் கொழுவிவிட்டுப் போவார்கள். நானும் வார்த்திருக்கிறேன். ஏன் தனிப்பேணி என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமல் பழகியதுதான் உடம்புக்குள் போய் இருந்துவிட்டது. கொழுப்பை அளக்கத் தராசு இருக்கிறது. இதை எதில் ஏறி நின்று அளப்பது?

முகாமில் இது இருக்கவில்லையே என்பதுதான் என்னைப் போட்டு உலுப்புகிறது. அங்கே ஒரே தண்ணீர் பவுசர், ஒரே வாளி, ஒரே கிடாரத்துச் சோறு. யார் எந்தப் பக்கம் என்று யார் பார்த்தது? பக்கத்துக் கூடாரக்காரி கடித்துவிட்டுத் தந்த பணிஸில் மிச்சத்தை நான் தின்றிருக்கிறேன். பசிக்குப் பக்கம் தெரியாது. ஊருக்குத் திரும்பும்போது தகரம் தந்தார்கள், மண்வெட்டி தந்தார்கள், விதைநெல் தந்தார்கள். இதை யாரும் தரவில்லை. இது எங்கே ஒளிந்திருந்து, எந்த பஸ்ஸில் ஏறி, எங்களோடு வந்து குடியேறியது?

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். பள்ளிக்கூட வாத்தியார், எதற்கும் ஒரு தீர்வு வைத்திருப்பார்.

"இதுக்கேன் கலங்கிறீர்? கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் அந்த மனுசிக்குக் காட்டும். டொக்டர் எழுதினது இருக்குத்தானே."

"கொப்பி ரெண்டு கிழமைக்குத்தான் சாட்சி சொல்லும். மிச்ச மூண்டு வருசத்துக்கு?"

அவர் பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "நானும் அங்க குடிச்சதாய் ஞாபகம் இல்லை" என்றார். அவர் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நாலு வருடம் படிப்பித்தவர்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அன்று பின்னேரம் நாலு மணி வந்தது, போனது. எனக்கு இனிப்பு ஆசை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. சீனிப் பணிஸ் வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது, எனக்குக் குமட்டியது. கறுவாவாலும் வெந்தயத்தாலும் முடியாததை ஒரு கேள்வி செய்து முடித்துவிட்டது. இந்த மருந்தை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

சனிக்கிழமை, கந்தோர் இல்லாத நாள், தனியாக பஸ் ஏறினேன். சந்தியில் இறங்கி நடந்தேன். பாக்கியம் அக்கா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன, சனிக்கிழமையும் வேலையே? வாங்கோ, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"இல்லை அக்கா. முத்துலெட்சுமி வீட்டை போறன். அங்கதான் தேத்தண்ணி."

விளக்குமாறு அப்படியே நின்றது. "அங்கயோ?" என்றார். அந்த ஒரு 'அங்கயோ'வுக்குள் எல்லாம் இருந்தது. நான் அதைப் புதிதாகக் கேட்பது போலக் கேட்டேன். எத்தனை தடவை இதே சொல்லை இதே ராகத்தில் நானே சொல்லியிருப்பேன்!

முத்துலெட்சுமி வேலிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். சிரிக்கவில்லை.

"ஃபோம்ல ஏதும் பிழைங்களா மிஸ்?"

"இல்லை. பிழை என்னட்ட." வழி முழுக்கத் தயாரித்துக்கொண்டு போன பேச்சு எல்லாம் மறந்துவிட்டது. "சீனி வருத்தம் வரப்போறது உண்மைதான். பணியாரம் தின்னது என்ர நாக்குச் சபலம். ஆனால் அதுக்கு முதல் மூண்டு வருசமா உங்கட வீடுகளில தண்ணி குடிக்காததுக்கு... என்னட்ட ஒரு காரணமும் இல்லை. நல்ல காரணம் ஒண்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அவள் தடியை எடுத்துக் குழிக்குள் வைத்தாள். மண்ணைக் காலால் மிதித்தாள். தடி நேராக நிற்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். நான் வெயிலில் நின்றேன். அன்றைக்குப் படலைக்கு வெளியே அவள் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்? இருபது நிமிடம்? அரை மணி?

"வேற யாரும் இப்படி வந்து சொன்னதில்ல" என்றாள் கடைசியில். "சொல்லிட்டீங்கங்கிறதுக்காக எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் மிஸ்."

"சொல்ல வேண்டாம்."

"உள்ள வாங்க."

அடுப்பு மூட்டினாள். நான் ஹோலில் இருக்காமல் குசினிக்குள் போய், சுவரோடு கிடந்த பலகையில் இருந்தேன். கேசரி அன்றைக்கே முடிந்துவிட்டதாம். மகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் சாப்பிட்டார்களாம். தேத்தண்ணி ஊற்றினாள். "சீனி?" என்று கேட்டாள். "அரைக் கரண்டி" என்றேன். "டாக்டரு?" என்றாள். "டொக்டருக்கு நான் பதில் சொல்லுறன்" என்றேன். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தாள்.

சுடச்சுடக் குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள். அது என்ன ருசியாக இருந்தது என்று எழுதி இந்தக் கதையை அழகாக்க எனக்கு விருப்பமில்லை. அது ஒரு தேத்தண்ணி. மூன்று வருடத்துக்கு முன்னரே குடித்திருக்க வேண்டிய தேத்தண்ணி.

குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவ எழும்பினேன். "வையுங்க மிஸ், நான் கழுவிக்கிறேன்" என்று வாங்கினாள். கழுவி, தன் கோப்பைகளோடு சேர்த்துக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகு, தன் மனதில் வைத்திருந்ததைச் சொன்னாள். தகரக் கொட்டிலை விட்டு முன்னரே குடிவந்துவிட்டாலும், நல்ல நாள் பார்த்து வருகிற வெள்ளிக்கிழமைதான் புது வீட்டில் முறைப்படி பால் காய்ச்சுகிறாளாம். கந்தோரில் எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். வீடு கிடைக்க உதவியவர்கள் அல்லவா! செவ்வாய்க்கிழமை எங்களிடம் சொல்லத்தான் இருந்தாளாம்.

"அன்னிக்கு அப்பறம் வேணாம்னு விட்டுட்டேன். எல்லாரும் வந்து வாசல்ல நின்னு போட்டோ புடிச்சுக்கிட்டு, போத்தல் தண்ணியக் குடிச்சுட்டுப் போனா... எம் மக பாத்துக்கிட்டு இருப்பா மிஸ். அவளுக்குப் பதிமூணு வயசு. எல்லாம் வெளங்குற வயசு."

அடுப்புக் கொள்ளியை உள்ளே தள்ளினாள்.

"இந்த வீட்ட எங்கம்மாதான் கட்டுனாங்கன்னு அவ பள்ளிக்கூடம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியுறா. அம்மா கட்டுன வீட்டுக்கு யாரும் சாப்பிட வரலன்னு அவ நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்கோ. கந்தோரில எல்லாருக்கும் சொல்லுங்கோ. நானும் இவரும் வருவம். ரெஜினா எப்பிடியும் வருவா."

"சாப்பிடுவீங்களா?"

"பந்தியில முதல் ஆளா இருப்பன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைதான் தெரியும், அவளுக்கும் எனக்கும்.

திங்கட்கிழமை முத்துலெட்சுமி கந்தோருக்கே வந்து, வெற்றிலை வைத்து எனக்கும் ரெஜினாவுக்கும் மற்ற எட்டுப் பேருக்கும் முறையாகச் சொன்னாள். அவளுக்கு முன்னால் எல்லாரும் "ஓம், ஓம், கட்டாயம்" என்றார்கள். அவள் போனபிறகு நான் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்டேன். நாலு பேர் வருகிறோம் என்றார்கள். அதில் ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார், ஆனால் சொன்னார். மற்ற நாலு பேரும் — வருத்தம் என்று ஒரு நாளும் லீவு போடாத, இடுப்பில் ஒரு பிடி சதையில்லாத நாலு பேர் — தாங்கள் இப்போது சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பதாகச் சொன்னார்கள்.

எங்கள் கந்தோரில் இவ்வளவு பேர் உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது.